கட்டிலிலிருந்து கதவு வரை

ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பை நிறைய மாத்திரையும் ஒரு கோப்பும் கையில் கொடுக்கிறார்கள். எந்த மாத்திரை எப்போது என்றும் சொல்கிறார்கள். ஈரத்தரையுள்ள குளியலறைக்கு அவரை எப்படிக் கூட்டிப்போவது, கரண்ட் போனால் என்ன செய்வது, பக்கத்துக் கடைக்குப் போகும்போது கதவைப் பூட்டலாமா கூடாதா என்பதையெல்லாம் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் மறுவாழ்வுப் பணி பார்த்தே வயதானவள் நான். பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள், மூளை முடக்குவாதக் குழந்தைகள், பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள், பார்வை இல்லாதவர்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் என எத்தனையோ வீடுகளுக்குள் போயிருக்கிறேன். இவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் தாய்மார்களுக்கும், கணவன் மனைவியருக்கும், சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் பிள்ளைகளுக்கும், மாறிப்போன உடம்போடு வாழப் பழகிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

1. எதைச் செய்யும் முன்னும் அவரைக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் யோசனை சொல்வார்கள். கட்டிலை இங்கே போடு, அந்த அறையைக் காலி பண்ணு, தனியாக எழுந்திருக்க விடாதே என்பார்கள். யாருக்காக இவ்வளவும் நடக்கிறதோ அவரிடம் மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எந்த இடத்தில் வழுக்குகிறது, எந்த சுவிட்ச் எட்டவில்லை, ராத்திரியில் எதற்குப் பயமாக இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பேச்சு வராதவர் என்றால் ‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டுக்கும் எல்லாருக்கும் விளங்கும்படி தனித்தனிச் சைகையை அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். கண்ணை மூடித் திறப்பதோ விரலை அசைப்பதோ, அவரால் எது முடிகிறதோ அது போதும். ‘வலிக்கிறது’ என்பதற்குத் தனியாக ஒன்று இருக்கட்டும். வீட்டில் எல்லாருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்தச் சைகைகள் தெரிந்திருக்க வேண்டும்.

2. ஆளில்லாத வீட்டில் அவரை வைத்து வெளியே பூட்டாதீர்கள்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்துபோனார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். தீயைப் பார்த்தும் எழுந்து ஓட வழியில்லை. எங்காவது ஓடிப்போய் ஆபத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் அப்படிக் கட்டி வைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. உச்ச நீதிமன்றம் இந்தச் சம்பவத்தைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. மனநோய் உள்ளவரை எந்த வடிவத்திலும் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

வீடுகளில் சங்கிலி குறைந்திருக்கிறது. பூட்டு குறையவில்லை. ரேஷன் கடைக்குப் போய்விட்டு உடனே வந்துவிடலாம் என்று வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள். உள்ளே கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருக்கும், அடுப்பில் ஏதாவது இருக்கும். போக வேண்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை உட்கார வைத்துவிட்டுப் போங்கள். அதற்கும் வழியில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு, உள்ளேயிருந்து திறக்க முடிகிற தாழ்ப்பாள் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சாவி எப்போதும் எதிர்வீட்டில் இருக்கட்டும். அவர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு போனோ, அடித்தால் தெருவுக்குக் கேட்கிற மணியோ, குறைந்தது ஒரு விசிலோ இருக்க வேண்டும். ஆபத்து வந்தால் வெளியே வர ஒரு வழி, யாரையாவது கூப்பிட ஒரு வழி. நான் இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த இரண்டுதான் இருக்கின்றன.

3. குளியலறையை முதலில் சரிசெய்யுங்கள்.

கையில் இருக்கிற பணம் கொஞ்சம்தான் என்றால் அதைக் கட்டிலுக்கோ மெத்தைக்கோ போடுவதற்கு முன் குளியலறைக்குப் போடுங்கள். வழுக்கும் டைல்ஸ், சோப்பு நுரை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் தரையில் சொட்டிய எண்ணெய் எல்லாம் ஒரே நாலடி இடத்தில் இருக்கின்றன. சொரசொரப்பான தரை போட முடியாவிட்டால் அடியில் ரப்பர் உறிஞ்சிகள் உள்ள பாயைப் போடுங்கள். துணிக் கால்மிதி வேண்டாம், அது தரையோடு நகரும்.

துண்டு தொங்கவிடும் கம்பியைப் பிடித்து எழுந்திருக்கப் பழகியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கம்பி துண்டின் எடைக்காகச் செய்தது. ஆளின் எடையை ஒரு நாள் தாங்கும், மறுநாள் சுவரோடு பெயர்ந்து வரும். கைப்பிடிக் கம்பி என்று கேட்டு வாங்கி, சுவருக்குள் ஆழமாகத் துளைபோட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். எந்த உயரத்தில் என்பதைக் கொத்தனார் முடிவு செய்யக் கூடாது. அவரை அங்கே உட்கார வைத்து, கை இயல்பாகப் போகும் இடத்தில் சாக்குக்கட்டியால் குறியுங்கள். பக்கவாதம் வந்தவர் என்றால் பலமுள்ள கைப் பக்கம் கம்பி வரவேண்டும்.

குளிக்க உட்கார சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி போடாதீர்கள். ஈரத்தில் அதன் கால்கள் விரியும். நான்கு காலிலும் ரப்பர் பொருத்திய குளியல் நாற்காலி வேண்டும். வாளியைத் தரையில் வைத்தால் குனிய வேண்டிவரும். ஒரு முக்காலிமேல் வையுங்கள்.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறதா பாருங்கள். உள்ளே விழுந்தவர் கதவுக்குப் பின்னாலேயே கிடப்பார். உள்பக்கம் திறக்கும் கதவென்றால் அவரை நசுக்காமல் நீங்கள் நுழைய முடியாது. கீல்களை மாற்றி வைப்பது தச்சருக்கு அரை நாள் வேலை. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கிற வகையாக இருந்தால் அவருக்குத் தனிமையும் கிடைக்கும், உங்களுக்கு வழியும் கிடைக்கும். கிராமத்தில் கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் தள்ளி இருக்கும். அந்தப் பாதையில் ராத்திரி முழுக்க எரியும் ஒரு விளக்கும், பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கயிறோ மூங்கிலோ இருக்கட்டும்.

4. வாசலில் சறுக்கு மேடை கட்டுகிறீர்களா? ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும்.

இடமில்லை என்று நான்கடியில் கட்டிவிட்டால் மேலே தள்ளவும் முடியாது, கீழே வரும்போது பிடித்து நிறுத்தவும் முடியாது. நேராக நீட்ட இடமில்லாவிட்டால் வளைத்துத் திருப்பிக் கட்டுங்கள், திருப்பத்தில் சமதளம் விடுங்கள். இரண்டு ஓரத்திலும் சிறு வரம்பு இருந்தால் சக்கரம் நழுவாது.

5. உணர்ச்சி இல்லாத தோலுக்கு உங்கள் கைதான் காவல்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் ஒரு விஷயத்தைக் கண்டறிந்தார். நோயே விரல்களைத் தின்றுவிடுவதில்லை. வலி தெரியாததால் சூட்டிலும் வெட்டிலும் பட்ட காயம் கவனிக்கப்படாமல் போய், விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. தூங்கும்போது சிலருடைய விரல்களை எலி கடித்திருந்தது, அவர்கள் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் பூனை வளர்க்க ஏற்பாடு செய்தார் என்பது அவரே எழுதிவைத்திருக்கும் செய்தி.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இதே ஆபத்துதான். எலிக்கடி இன்றும் நடக்கிறது. கட்டிலின் கீழ் சாப்பாட்டுத் துணுக்கு கிடக்கவிடாதீர்கள், ராத்திரி கொசுவலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகுங்கள்.

குளிக்க வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அவர் கால்மீது ஊற்றும் முன் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், விரல் சூட்டுக்குப் பழகியிருக்கும். கால் வலிக்கு ஒத்தடம் என்று வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சூடான காபி டம்ளரைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியை உருட்டாதீர்கள். லேப்டாப்பை மடியில் வைத்து வேலை பார்க்காதீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு விடாதீர்கள். அடுத்தவர் துள்ளி ஓடுகிற இடத்தில் மரத்துப்போன பாதம் பொறுமையாக நடந்து, சாயங்காலம் கொப்புளத்தோடு வீட்டுக்கு வரும். தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு வரலாமா என்று கோயிலில் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

6. படுக்கைப் புண்ணைப் புண்ணாகும் முன்பே பாருங்கள்.

படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி எழும்பியோ, முன்னால் குனிந்தோ, பக்கவாட்டில் சாய்ந்தோ எடையை மாற்ற வேண்டும். காலையும் மாலையும் பிட்டம், இடுப்பெலும்பு, குதிகால், தோள்பட்டை எல்லாம் பாருங்கள். தானே பார்த்துக்கொள்ள விரும்புகிறவருக்கு நீளக் கைப்பிடிக் கண்ணாடி ஒன்று கொடுங்கள், அல்லது போனில் படமெடுத்துக் காட்டுங்கள். விரலால் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் அந்த இடத்தில் இனி எடை விழக் கூடாது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஏர் பெட் இருக்கிறது என்று புரட்டாமல் விடாதீர்கள். கரண்ட் போனால் அதில் காற்று இறங்கிவிடும்.

நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால், அது சாதாரணத் தலைவலி இல்லை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். படுத்திருந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். மூத்திரக் குழாய் மடிந்திருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். உடனே குறையாவிட்டால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இதை ஒரு சீட்டில் எழுதி அவர் பையில் வையுங்கள், ஏனென்றால் எல்லா மருத்துவமனையிலும் இது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

உங்கள் ஊருக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வருகிறாரா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள். கேட்டால்தான் பட்டியலில் சேர்ப்பார்கள்.

7. படுக்க வைத்துக்கொண்டு ஊட்டாதீர்கள்.

மூளை முடக்குவாதக் குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டுப் பாலாடையில் ஊற்றுவது நம் வீடுகளில் பழகிய முறை. தொண்டையில் இறங்க வேண்டியது மூச்சுக்குழாய்க்குள் போய், குழந்தைக்கு மாதாமாதம் நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வரும். நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்றே கீழே இறங்கியிருக்க, எதிரே சம உயரத்தில் உட்கார்ந்து ஊட்டுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் தலை மேலே தூக்கும். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்குத் தண்ணீரும் ரசமும்தான் அதிகம் புரையேறும். கூழ் பதம் எளிது. ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.

புரையேறி இருமினால் இருமவிடுங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். குரலும் வரவில்லை, இருமலும் வரவில்லை என்றால் முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். இன்னொருவர் அதற்குள் 108-ஐக் கூப்பிடட்டும்.

8. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள்.

இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது பொய். வலிப்பு தானாக நிற்கிறது, இரும்புக்குப் பெயர் கிடைக்கிறது. வாயில் கரண்டியோ துணியோ வைக்காதீர்கள், பல் உடையும், மூச்சடைக்கும். கையைக் காலைப் பிடித்து அழுத்தவும் வேண்டாம். சுற்றியிருக்கும் கூர்மையான சாமான்களை நகர்த்திவிட்டு, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலும் 108. வலிப்பு உள்ளவர் குளத்திலும் கிணற்றிலும் தனியாகக் குளிக்கக் கூடாது. வீட்டில் கதவைத் தாழிடாமல் வாளித் தண்ணீரில் குளிக்கட்டும். ஆறு மாதமாக வலிப்பே வரவில்லை என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வராமல் இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

9. பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஓடுங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர்மேல் தனி ஈர்ப்பு உண்டு, ஆழம் புரியாது. பஸ் ஸ்டாண்டையும் கடைத்தெருவையும் தேடிக்கொண்டு நேரத்தை விடாதீர்கள். வீட்டுச் சம்ப், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு, வாய்க்கால், குளம், கோயில் தெப்பம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். கூடவே இன்னொருவர் அவசர உதவி எண் 112-ஐயும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் கூப்பிடட்டும். சம்ப்பின் மூடிக்குப் பூட்டுப் போடுங்கள். பிள்ளைக்குப் போடாத பூட்டை அதற்குப் போடலாம்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை: தெருவில் இருக்கும் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்ட், பால்காரர் எல்லாரிடமும் பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். மறைத்து வளர்க்கும் பிள்ளையை யாராலும் அடையாளம் காண முடியாது, தெருவுக்குத் தெரிந்த பிள்ளையைத் தெருவே திருப்பிக் கூட்டிவரும். சட்டைக் காலரின் உள்பக்கம் உங்கள் போன் நம்பரைத் தைத்து வையுங்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்டால் பல பிள்ளைகள் பிய்த்துப் போட்டுவிடுவார்கள். மாதம் ஒருமுறை முகம் தெளிவாகத் தெரிகிற புகைப்படம் எடுத்து வையுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது வாசற்கதவில் ஒரு சலங்கையைக் கட்டிவிடுங்கள், திறந்தால் கேட்கும். முடிந்தால் நீச்சல் சொல்லிக்கொடுங்கள்.

10. தூக்குவது எப்படி என்று படித்துக்கொள்ளாமல் தூக்காதீர்கள்.

உங்கள் முதுகு போய்விட்டால் வீட்டில் படுக்கை இரண்டாகும். சக்கர நாற்காலியைக் கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக ஒட்டி நிறுத்தி இரண்டு பிரேக்கையும் போடுங்கள். பக்கவாதம் என்றால் பலமுள்ள பக்கம் நாற்காலி. முழங்காலை மடக்குங்கள், இடுப்பை வளைக்காதீர்கள், அவரை உங்கள் உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று அவரே எண்ணட்டும். எந்த நொடியில் தூக்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால் தன்னால் முடிந்த பலத்தை அவரும் கொடுப்பார்.

11. சாதனங்களை வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சக்கர நாற்காலியின் டயரில் காற்றுக் குறைந்தால் பிரேக் பிடிக்காது, பலருக்கு இது தெரியாது. ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆனால் அன்றே மாற்றுங்கள். விலை மிகக் குறைவு, இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவோ தாங்காது. காலிப்பரின் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சரிவில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இறக்குங்கள். புடவை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் செருகியிருக்கட்டும். பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் போகிறவர்கள் அந்தச் சக்கரத்தின் அகலத்தை எப்போதும் நினைவில் வையுங்கள், பின்னால் மின்னும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

12. பார்வை இல்லாதவர் இருக்கும் வீட்டில் எந்தச் சாமானும் சொல்லாமல் இடம் மாறக் கூடாது.

கதவை முழுக்கத் திறந்து வையுங்கள், இல்லை முழுக்கச் சாத்துங்கள். பாதி திறந்த கதவின் விளிம்பு நெற்றியைப் பிளக்கும். வழிகாட்டும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரையடி முன்னால் நடங்கள், படி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுங்கள். காலை மாத்திரைப் புட்டிக்கு ஒரு ரப்பர் பேண்ட், ராத்திரிப் புட்டிக்கு இரண்டு. கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண் 1906-ஐக் கூப்பிட அவரும் பழகியிருக்க வேண்டும். சமைக்கவே விடாமல் உட்கார வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

13. காது கேளாதவரை எழுப்ப ஒரு வழி செய்துவையுங்கள்.

ராத்திரியில் தீ, வெள்ளம், திருடன் எது வந்தாலும் சத்தம் அவரை எட்டாது. அறை விளக்கின் சுவிட்ச் ஒன்றை வெளிப்பக்கமும் வையுங்கள். போட்டு அணைத்தால் விழிப்பார். தலையணைக்கடியில் அதிரும் அலாரம், கதவு மணியோடு சேர்ந்து எரியும் விளக்கு, பக்கத்தில் ஒரு டார்ச் இவை போதும். பேசாமலே உதவி கேட்க அவர் போனில் 112 இந்தியா செயலியைப் போட்டுப் பழக்குங்கள். வீட்டார் எல்லாரும் சைகை மொழி கற்றுக்கொள்வது பாசத்துக்காக மட்டும் இல்லை. ‘ஓடு’, ‘தீ’, ‘எங்கே வலிக்கிறது’ என்று சொல்ல வேண்டிய நேரத்தில் காகிதமும் பேனாவும் தேடிக்கொண்டிருக்க முடியாது.

14. ஆக்சிஜன் இருக்கும் அறையில் விளக்கு ஏற்றாதீர்கள்.

வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுவத்தி, கொசுவர்த்தி எல்லாம் பத்தடிக்கு அப்பால், வேறு அறையில். ஆக்சிஜன் குழாய் போட்டிருப்பவர் முகத்தில் வாசலின் தடவாதீர்கள். மின்சாரத்தில் ஓடும் கருவி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் வீடென்றால், உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து வையுங்கள். மின்தடைப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. சளி உறிஞ்சும் கருவிக்குக் காலால் மிதித்து இயக்குவதும் கிடைக்கிறது. மின்கருவியோடு அதையும் வாங்கி வையுங்கள்.

15. ஐப்பசி பிறக்கும் முன் மழைக்குத் தயாராகுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தென் மாவட்டங்களில் பெய்தது மழை என்றே சொல்ல முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை உடைத்து வந்தபோது நடக்க முடிந்தவர்கள் மாடிக்கு ஏறினார்கள். தரைத்தளத்தில் கட்டிலோடு இருந்தவர்களை யார் தூக்குவது என்ற கேள்வி அந்த இருட்டில்தான் பல வீடுகளுக்கு எழுந்தது. அந்தக் கேள்வியை வெயில் காலத்திலேயே கேட்டுவிடுங்கள். தெருவில் பலமுள்ள நான்கு பேரிடம் பேசி, யார் வருவார்கள், எந்த மாடி வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்யுங்கள். ஒருமுறை தூக்கியும் பாருங்கள். போர்வையில் நான்கு மூலை பிடித்துத் தூக்குவது படிக்கட்டில் எப்படி இருக்கும் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எட்டாம் பிரிவு, மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரத்தை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும், ஆபத்து வருவதை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உங்கள் பெயர் அந்தப் பதிவில் இருக்கிறதா? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கேளுங்கள், இல்லையென்றால் மனு கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். இது சலுகை இல்லை, உங்களுக்கு உரியது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

ஒரு நீர் புகாத பையில் பத்து நாள் மாத்திரை, மருந்துச் சீட்டின் நகல், அடையாள அட்டை, மூத்திரக் குழாயும் பையும், மாற்றுத் துணி, பவர் பேங்க், காது கருவியின் பேட்டரி எல்லாம் போட்டுக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிடுங்கள். மின் சக்கர நாற்காலி வைத்திருப்பவர்கள் மழை எச்சரிக்கை வந்த உடனே முழுக்க சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

16. தெரிந்தவர்களிடமிருந்தும் காக்க வேண்டியிருக்கும்.

சொல்லக் கசப்பாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். குளிப்பாட்டவும் உடை மாற்றவும் அடுத்தவர் கை தேவைப்படுகிற பெண்ணுக்கும் பிள்ளைக்கும் தீங்கு செய்கிறவர் பெரும்பாலும் வீட்டுக்குள் வந்துபோகிறவராகவே இருக்கிறார். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு எதுவும் புரியாது என்று நினைக்காதீர்கள். உடம்பின் எல்லா உறுப்புகளுக்கும் பெயர் சொல்லிக்கொடுங்கள், யார் தொடலாம், எதற்காகத் தொடலாம் என்று படம் வரைந்து காட்டுங்கள். ‘வேண்டாம்’ என்று தள்ளும்போது நீங்களே முதலில் மதியுங்கள். முத்தம் கொடு என்று மாமாவிடம் வற்புறுத்தி அனுப்பப்படும் பிள்ளைக்கு மறுக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? ஒருவரைக் கண்டால் மட்டும் ஒடுங்குவது, காரணமில்லாத காயம், திடீரென்று படுக்கையில் சிறுநீர் கழிப்பது இவற்றைக் கவனியுங்கள்.

குழந்தையின் இயலாமையைப் பயன்படுத்திச் செய்யும் குற்றத்தை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் மேலும் கடுமையான குற்றமாக வைத்திருக்கிறது. வாக்குமூலத்துக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரோ சிறப்புக் கல்வியாளரோ உதவ வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் மாற்றுத்திறனாளி என்றால் காவல்துறை அவர் வீட்டுக்கே வந்து புகாரைப் பதிவு செய்ய வேண்டும், ஸ்டேஷனுக்கு அலைக்கழிக்கக் கூடாது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. ஊர் என்ன சொல்லும் என்று மூடி வைத்துவிட்டால், அதே ஆள் அதே வீட்டுக்கு மறுபடி வருவார்.

பணத்திலும் இப்படித்தான். ஏடிஎம் ரகசிய எண்ணைப் பணியாளரிடம் சொல்லி அனுப்பாதீர்கள். ஆன்லைனில் பணம் ஏமாற்றப்பட்டால் 1930.

17. உங்களுக்கு அடுத்து யார் என்பதை இன்றே தயார் செய்யுங்கள்.

பார்த்துக்கொள்கிறவர் தூங்காத வீட்டில்தான் மாத்திரை இரண்டு தடவை போகிறது, அடுப்பு மறந்துபோகிறது, கை ஓங்குகிறது. இரவு முழுக்க நீங்கள் ஒருவரே விழித்திருக்கிறீர்கள் என்றால் அந்த வீட்டில் ஆபத்து இருக்கிறது, உங்கள் அன்பில் குறை என்று அதற்குப் பொருளில்லை. அண்ணன் தம்பியிடம், நாத்தனாரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மனம் தாங்காதபோது டெலி-மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பதினெட்டு வயதுக்குப் பின் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கும் உள்ளூர் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நிராமயா மருத்துவக் காப்பீடும் அந்த அறக்கட்டளையின் வழியாகவே கிடைக்கிறது.

ஒரு முழுத்தாள் எடுங்கள். அவர் பெயர், ரத்தப் பிரிவு, மாத்திரையும் நேரமும், ஒவ்வாத மருந்து, எப்படிச் சாப்பிடுவார், எந்தப் பக்கம் புரட்டினால் வலிக்கும், ‘ஆமாம்’ ‘இல்லை’ சைகை, எதற்குப் பயப்படுவார், எந்தப் பாட்டைக் கேட்டால் அமைதியாவார், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எழுதும்போது அவரும் பக்கத்தில் இருக்கட்டும். தன்னைப் பற்றி எதை எழுதலாம், எதை எழுத வேண்டாம் என்று அவர் சொல்லட்டும். ஒரு நகல் கதவின் பின்னால், ஒன்று மழைப் பையில், ஒன்று சாவி இருக்கும் எதிர்வீட்டில். பிறகு மாதத்தில் ஒரு நாள் அந்தத் தாளை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே கிளம்புங்கள். திரும்பி வந்ததும் அவரிடமும் அந்த இன்னொருவரிடமும் தாளில் எது விட்டுப்போயிருந்தது என்று கேட்டு, அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.